மடுவைத் திறந்த மசேயா

சில்வா ஏரி வற்றிப்போன வருஷம் அது. அடுத்த சந்தை நாளுக்குள் மழை வந்தாக வேண்டும் என்று ஊரிலேயே அதிகமாக ஏங்கியவன் மசேயாதான். விதைக்க அல்ல. அவனுக்கென்று ஒரு பாத்தி நிலம்கூடக் கிடையாது. பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமே என்றுதான் ஏங்கினான்.

அவன் வீட்டோடு மாப்பிள்ளை. இந்தக் கரையில் கல்யாணம் ஆனவன் எவனும் வீட்டோடு மாப்பிள்ளைதான். நிலம் பெண்ணுடையது, வீடு பெண்ணுடையது, பிள்ளைகள் பெண்ணின் குலத்துக்கு. அவளுக்கு மேல் ஓர் அதிகாரம் உண்டென்றால் அது கூடப்பிறந்தவன். அவன் 'பாயைச் சுருட்டு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மாப்பிள்ளை பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே நடையைக் கட்ட வேண்டும். அதற்கு மேல் கேள்விமுறை இல்லை.

மசேயா பிறந்தது வடக்கே சியூட்டா ஏரிக்கரையில். இரண்டு ஏரிக்கும் நடுவில் இருப்பது ஒரு மணல்மேடு, அவ்வளவுதான். குணத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சியூட்டா அடக்கமான ஏரி. அப்பன் வலை போட்ட இடத்தில் மகன் போட்டாலும் அதே மீன், ஏறக்குறைய அதே அளவு. சில்வாவோ கொடுக்கிற வருஷம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும். கொடுக்காத வருஷம் பிணமாகக் கிடக்கும். தண்ணீர் குறையக் குறைய உப்புக் கரித்து, முதலில் மகும்பா சாகும். தட்டையாக, உள்ளங்கை அகலத்தில், விருந்தாளிக்கு மட்டும் குழம்பு வைக்கிற மீன் அது. அடுத்து விரல் நீள மத்தெம்பா. கடைசியில் கெளுத்தி மட்டும் சேற்றில் மீசையை நுழைத்துக்கொண்டு நாள் எண்ணும். அதுவும் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சேறு. ஏரிக்குள் மிதக்கும் புல்திட்டுகளின் மேல் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள், அந்த வருஷம் குடிசைகளை அப்படியே சேற்றில் விட்டுவிட்டு நடந்தே கரைக்கு வந்தார்கள்.

ஏரி செத்தாலும் வித்து இருக்கும். ஊருக்கு மேற்கே ஆறு முழங்கை மடிப்பது போலத் திரும்பும் இடத்தில் ஆழமான மடு ஒன்று உண்டு. ஏரியில் உப்பு ஏறத் தொடங்கியதும் ஆற்றில் ஏறி ஒதுங்கிய மீன்கள் அங்கேதான் கிடந்து பிழைக்கும். மழை வந்து ஆறு மறுபடி ஏரியைத் தொட்டதும் இறங்கிப் போய்ப் பெருகும். அந்த மடுவைத் துடைத்துவிட்டால் எத்தனை மழை பெய்தும் ஏரியில் அலைதான் அடிக்கும், மீன் அடிக்காது.

இது மசேயாவுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. கல்யாணமான புதிதில் இதே போல ஒரு வறட்சி வந்தது. ஊர் சேர்ந்து மடுவில் இறங்கி ஒரே வாரத்தில் வழித்துவிட்டது. மசேயாவும் ஒரு கூடை எடுத்தவன்தான். அடுத்த வருஷம் ஏரி ததும்பியது. வலை போட்டால் பாசிதான் வந்தது. அவனும் பெண்டாட்டி எஸ்நாத்தும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெற்கே தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குக் கொழுந்து கிள்ளப் போனார்கள். அந்தக் குளிரில் குழந்தை காய்ச்சல் கண்டு போய்விட்டது. அதைப் புதைத்த இடத்தில் இப்போது தேயிலைச் செடி இருக்கும். எஸ்நாத் அதற்கப்புறம் தேநீர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

ஆகையால் இந்த முறை ஏரி வற்றத் தொடங்கியதுமே ஊர்த்தலைவி நங்வாலே அம்மா மடுவுக்குக் காவல் போட்டாள். காவலுக்கு அவள் காட்டிய ஆள் மசேயா.

"ஊர்க்காரனை வச்சா அத்தை மவனுக்கு ஒரு கூடை, சின்னம்மா மவளுக்கு ஒரு கூடைன்னு போயிரும். இவனுக்கு இங்க யாரு இருக்கா? அழுதாக்கூட அணைச்சுக்க ஆளு கெடையாது. இவன்தான் சரி."

கூட்டம் சிரித்தது. மசேயாவும் சிரித்து வைத்தான். மடுவின் மேல் வாயிலும் கீழ் வாயிலும் நாணலால் தட்டி கட்டினான். ஆழமில்லாத தண்ணீரில் மீன் வெளியே வந்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக. மழை வந்து ஆற்றுநீர் ஏரியோரத்து உப்புத்தரையைத் தாண்டி ஏரிப் படுகையைத் தொட்டுவிட்டதா என்று ஆள் அனுப்பிப் பார்த்த பிறகு, தட்டியைத் தலைவிதான் திறக்கச் சொல்வாள். அதுவரை மடுவில் ஒரு தூண்டில்கூட விழக் கூடாது.

இப்படி இருக்கும்போதுதான் எஸ்நாத்தின் அண்ணன் தவுசெனி திரும்பி வந்தான். பல வருஷமாக மலோம்பே ஏரியில் இழுவலைக் கோஷ்டியோடு இருந்தவன். சைக்கிளின் பின்னால் பெரிய வலைச்சுருள். கண்ணி என்று சொல்ல முடியாது, கொசுவலைதான். வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நடுப்பகல் வெயிலில் நேராக மடுவுக்கு வந்தான். மசேயா தட்டியில் இற்றுப்போன நாணலை மாற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, மீனுக்கு மாட்டுத்தொழுவம் கட்டுறீங்களா?"

"வாங்க மச்சான். பயணம் சுகமா?"

"சுகத்துக்கு என்ன."

தவுசெனி நீர்விளிம்பில் குந்தினான். மடு அப்போது பாதிக்கு மேல் சுருங்கி, நீர் பழுப்பாகிவிட்டது. மகும்பாக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாத்தீங்களா, மூச்சு வாங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல அத்தனையும் வெள்ளையா மெதக்கும். அப்புறம் நாய்க்கும் கழுகுக்கும்தான் விருந்து."

"தாங்கும் மச்சான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க சியூட்டா என்னிக்காவது வத்திருக்கா?"

மசேயா நாணலை முறுக்கிக் கட்டினான். அந்தச் சந்தேகம் அவனையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. பகலெல்லாம் அந்தத் திறந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்.

"என் தங்கச்சி புள்ளைங்க தவிட்டுக் கஞ்சி குடிக்குதுங்க. இப்பதான் பாத்துட்டு வர்றேன். பெத்தவன் இங்க மீனுக்குக் காவல். வெளியில சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க."

"இந்த மீனு போச்சுன்னா தண்ணி வந்தும் பிரயோசனமில்ல மச்சான். போன தடவை நீங்க இங்க இல்ல. நாங்க பட்டது எங்களுக்குத்தான் தெரியும்."

"மலோம்பேலயும் இப்படித்தான் பயந்தாங்க. பெரிய மீனெல்லாம் போச்சு, நெசந்தான். என்ன கெட்டுப்போச்சு? கண்ணியைச் சின்னதாக்குனோம். பொடி மீனு வருது. ஏரின்னா எதையாவது குடுத்துக்கிட்டேதான் இருக்கும்."

"ஏரி குடுக்கல மச்சான். நீங்க சட்டியைச் சொரண்டுறீங்க."

சொன்ன பிறகுதான் மசேயாவுக்கு உறைத்தது. வீட்டோடு மாப்பிள்ளை மச்சானிடம் பேசுகிற பேச்சா இது. தவுசெனி எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். முகத்தில் இருந்த சிரிப்பையும் சேர்த்துத் தட்டிவிட்டது போல இருந்தது.

"சரி. அடுத்த சந்தை வரைக்கும் பொறுக்குறேன். அதுக்குள்ள மழை வந்து ஆறு ஓடிச்சுன்னா உங்க மடு, உங்க மீனு. நான் வாயைத் தொறக்கல. ஓடலைன்னா வலையை எறக்குவேன். தலைவியை நான் பாத்துக்கிறேன். நீங்க குறுக்க வந்தீங்க, பாயைச் சுருட்ட வேண்டியதுதான். புள்ளைங்களை நாங்க வளத்துக்குவோம்."

சாயங்காலம் எஸ்நாத் களி கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணன் என்னமோ சொன்னாராமே."

"மழை வரும்."

"வரலைன்னா?"

"வரும்னு சொல்றேன்ல."

அவள் துடுப்பைச் சட்டியில் தட்டி வைத்துவிட்டு, அவன் தன்னிடம் ஏதாவது கேட்பான் என்று கொஞ்ச நேரம் நின்றாள். அவன் கை கழுவப் போய்விட்டான்.

சந்தைக்கு இரண்டு நாள் முன்பு வானம் கறுத்தது. எலி பிடிக்கிறேன் பேர்வழி என்று பையன்கள் புதர்களுக்கு வைத்த தீ மலைச்சரிவெல்லாம் புகைந்துகொண்டிருந்த சமயம். பிற்பகலில் இடி இடித்து, சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வருஷமும் பருவத்துக்கு முன்னால் இப்படி ஒரு மழை வரும். காட்டுத்தீயை அணைக்க வருகிற மழை என்றுதான் அதற்குப் பெயர். அணைத்துவிட்டுப் போய்விடும். அதை நம்பி விதைத்தவன் விதையைக் காக்காய்க்குப் போட்டவன். பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. மசேயாவுக்கும் தெரியும். ஆனால் கழுத்தில் கயிறு இறுகினவன் கண்ணுக்குத் தூரத்தில் வருகிறவன் எல்லாம் கயிறு அறுக்க வருகிறவனாகத்தான் தெரிவான். என்ன செய்ய.

மறுநாள் காலையில் ஆறு ஓடியது. செம்மண் நிறத்தில், முழங்கால் ஆழத்தில், சருகையும் சாம்பலையும் இழுத்துக்கொண்டு ஓடியது. மடுவுக்குள் புதுத் தண்ணீர் புகுந்ததும் இத்தனை நாள் செத்தவை போலக் கிடந்த மீன்களுக்கு உயிர் வந்துவிட்டது. மேல் வாய்த் தட்டியில் மூக்கை முட்டி மோதின. புதுவெள்ளத்தில் ஏறி நெல்வயல்களில் முட்டையிடத் துடித்தன. மசேயா அதைப் பார்த்தான். கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற தவுசெனியையும் பார்த்தான்.

"ஆறு ஓடுது மச்சான்."

"ஓடுது, ஓடுது. இல்லன்னு யாரு சொன்னா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மசேயா தலைவி வீட்டுக்குப் போகவில்லை. உப்புத்தரைக்கு ஆள் அனுப்பவில்லை. மீன் மடுவை விட்டுப் போய்விட்டால் மச்சான் வலை இறக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது என்று கணக்குப் போட்டான். இடுப்பளவு நீரில் இறங்கி மேல் வாய்த் தட்டியின் கட்டுகளை அறுத்தான். மீன்கள் அவன் தொடையை உரசிக்கொண்டு ஏறின. மத்தெம்பா வெள்ளிக்காசு கொட்டினது போல, பின்னால் மகும்பா, அதற்கும் பின்னால் கறுப்புக் கெளுத்தி. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான் பாவி.

சந்தை நாளன்று விடிந்தபோது வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. வெயில் ஏறும் முன்பே ஆறு நூலாகிவிட்டது. அந்த வெள்ளம் உப்புத்தரையை எட்டியே பார்க்கவில்லை. மடுவுக்கு மேலே ஆற்றுப்படுகையிலும் நெல்வயல்களிலும் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. குட்டைகளில் மடு மீன் அத்தனையும் கிடந்தது.

ஊர் திரண்டு வந்தது, கூடையும் சட்டியுமாக. நங்வாலே அம்மா வரப்பில் ஏறி நின்றாள். வயதானவள், ஆனாலும் குரல் தாழவில்லை.

"எவளும் கூடையை எறக்கக் கூடாது. குட்டையில கெடந்தாலும் இது மடு மீனு." பிறகு மசேயாவைப் பார்த்தாள். "யாரைக் கேட்டுத் தொறந்த?"

மசேயா தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயில என்ன, களியா இருக்கு?"

"தப்புப் பண்ணிட்டேன் தாயி."

"தப்பைப் பொறவு பேசுவோம். மீனை எப்படித் திருப்புவ?"

அவன் வாளியோடு ஒரு குட்டையில் இறங்கிக் கையால் அள்ளிப் பார்த்தான். நாலு வாளி மடுவுக்குப் போவதற்குள் குட்டை வெதுவெதுப்பாகிவிட்டது. கூடையால் அள்ளினால் செதில் உரிந்தது. கை பட்ட மீன் வழுக்கிச் சேற்றில் புதைந்தது. இந்த வேகத்தில் போனால் உச்சிவெயிலுக்குள் முக்கால்வாசி சாகும். குட்டையை ஒரே வீச்சில் கூட்டி அள்ள வேண்டும், செதிலைக் கீறாத மெல்லிய வலையால். அப்படி ஒரு வலை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தவுசெனி வேப்பமர நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். செத்த மீனுக்கு ஊர்க்கட்டுப்பாடு கிடையாது. யாரும் அள்ளலாம்.

மசேயா அவன் முன்னால் போய் நின்றான். முழங்கால்வரை சேறு.

"மச்சான், வலை வேணும்."

"எந்த வலை? சட்டி சொரண்டுற வலையா?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சற்றுத் தள்ளி எஸ்நாத் தலையில் வாளியோடு நின்றாள்.

"நான் பேசினது தப்பு. வலையைக் குடுங்க."

"குடுக்குறேன். நானே எறங்கி இழுக்குறேன். ஒரு மீனு எடுக்க மாட்டேன், போதுமா? ஆனா எல்லாத்தையும் மடுவுல விட்டதுக்கு அப்புறம் நீங்க இந்த ஊருல இருக்கக் கூடாது. யாரையும் கேக்காம மடுவைத் தொறக்குற ஆளு நாளைக்கு என் தங்கச்சி வீட்டையும் தொறந்து போடுவான். சாயங்காலம் பாயைச் சுருட்டணும். ஊரு முன்னால சொல்லுங்க, சரியா?"

குட்டைகளில் மீன்கள் பக்கவாட்டில் சாயத் தொடங்கியிருந்தன. வெள்ளை வயிறு அங்கங்கே மின்னியது. மசேயா அவற்றைத்தான் பார்த்தான்.

"சரி" என்றான்.

தவுசெனி சொன்ன சொல் தவறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்களைவிட அவனுக்குத்தான் வலையின் போக்கு தெரியும். அடிக்கயிற்றைச் சேற்றோடு அழுத்தி, குட்டைக்குக் குட்டை தொட்டில் கட்டுவது போல மீனை ஏந்தினான். பெண்கள் வாளி மாற்றி வாளி மடுவுக்கு ஓடினார்கள். எஸ்நாத் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். மசேயாவின் கையிலிருந்து எத்தனையோ முறை வாளி வாங்கினாள், ஒரு முறையும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தெம்பாவில் பாதி செத்தது. மகும்பாவில் பெரும்பகுதி பிழைத்தது. பொழுது சாயும்போது மசேயா தட்டியை மறுபடி கட்டி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போய் அவன் பொருள் என்று இருந்ததை எடுத்துக்கொண்டான். பிள்ளைகள் அழுதன. எஸ்நாத் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

சியூட்டாவில் அவன் அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு குடிசையில் இருந்தான். அங்கே அவன்தான் மச்சான். அக்காள் புருஷன் இவனைக் கண்டால் சுருட்டை மறைப்பான், உட்கார்ந்திருந்தால் எழுந்து நிற்பான். மசேயாவுக்கு அதைப் பார்க்கவே கூசும். 'உக்காருய்யா, உக்காரு' என்பான். சியூட்டா எப்போதும் போல அளந்து கொடுத்தது. வலை போட்டான், சாப்பிட்டான். பிள்ளைகளை நினைத்த ராத்திரிகளில் சாப்பிடவில்லை.

அந்த வருஷக் கடைசியில் நிஜ மழை வந்தது. சில்வா நிறைந்தது என்று கேள்விப்பட்டான். மீனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்கப் பயம். மறு வருஷம் சில்வாக் கரையில் மத்தெம்பாக் கருவாடு காய்கிறது என்று யாரோ சொன்னார்கள். மகும்பா வர நாலைந்து வருஷம் ஆகும், போன முறை அப்படித்தான் ஆனது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது மழை முடிந்து ஒரு காலைச் சந்தையில், ஆள் ஏற்றும் வாடகைச் சைக்கிளின் பின்னாலிருந்து எஸ்நாத் இறங்கினாள். மூங்கில் கூடையை இறக்கி, மூடியிருந்த இலையை விலக்கினாள். மகும்பா. உள்ளங்கை அகலம், கண் இன்னும் தெளிவாக இருந்தது. மசேயா ஒன்றைக் கையில் எடுத்தான். சுற்றிலும் சியூட்டாக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சில்வாவுல மகும்பாவா? அதுக்குள்ளயா?" என்றான் ஒருவன்.

"அதுக்குள்ளதான்" என்றாள் எஸ்நாத், மசேயாவைப் பார்க்காமல். "அதுக்காகத்தானே என்னை வித்தாங்க."

"அண்ணன் அனுப்பினாரா?" என்று கேட்டான் மசேயா.

"அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன? வீடு என்னுது. வாசலை அவர் காட்டலாம், கதவைச் சாத்துறதும் தொறக்குறதும் நான்."

"எஸ்நாத்து, அன்னிக்கி மீனு செத்துக்கிட்டு இருந்திச்சு. எனக்கு வேற வழி..."

"தெரியும். நானும்தான் வாளி தூக்குனேன். தேயிலைத் தோட்டத்துல பொதைச்சது உன் புள்ளை மட்டுமா? அந்த மீனுக்காக என்ன கேட்டாலும் குடுத்திருப்பேன்." அவள் கையிலிருந்த இலையைக் கசக்கிப் போட்டாள். "ஆனா என்னை வச்சுப் பேரம் பேசுனாங்க. ஊரே கேட்டுச்சு. 'சரி'ன்னு சொல்லுறதுக்கு முன்னால நீ ஒரு தடவை திரும்பி என்னைப் பாத்தியா? நான் பத்தடி தள்ளிதான் நின்னேன்."

மசேயா மீனைக் கூடையில் திரும்ப வைத்தான். பார்க்கவில்லை என்பது உண்மை. மடுவைத் திறந்தபோதும் யாரையும் கேட்கவில்லை, அவளைக் கொடுத்தபோதும் கேட்கவில்லை.

"ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன், வந்து கேப்பன்னு. நீ வரல. இப்ப நானே வந்துட்டேன். இப்பவாச்சும் கேளு."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான் வீட்டுக்கு வரலாமா?"

எஸ்நாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு மகும்பாவாக எடுத்து அடுக்கினாள்.

"முதல்ல இதை வித்துக் குடு" என்றாள். "வெயில் ஏறுனா மீனு கெட்டுப்போயிரும். புள்ளைங்க ராத்திரி சாப்பாட்டுக்குள்ள நம்ம போயாகணும்."